90 நாளுக்கு அனுப்பிய வண்டி 14 ஆண்டு உழைத்தது எப்படி?

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | ஞாயிறு இரவு 9:10

சென்ற வாரம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய கிணற்று மோட்டார் ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெயர்த் தகட்டில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலைக் கட்டியிருந்த விதம் என் அப்பாவின் கைவேலை. அவர் பட்டறையை என்னிடம் விட்டு 26 ஆண்டுகள் ஆகின்றன. இடையில் யாரோ புஷ் மாற்றியிருக்கிறார்கள், ஒரு முறை ஷாப்டைக் கடைந்திருக்கிறார்கள். காயிலை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அப்பா அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த கியாரண்டி ஓர் ஆண்டு.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஆப்பர்ச்சூனிட்டி நினைவுக்கு வந்தது. 2004 ஜனவரி 25 அன்று செவ்வாயில் இறங்கிய ஆறு சக்கர வண்டி. 90 செவ்வாய் நாள் வேலை செய்தால் போதும் என்று சொல்லி நாசாக்காரர்கள் அனுப்பினார்கள். அது 2018 ஜூன் 10 வரை பூமியுடன் பேசிக்கொண்டிருந்தது. 45.16 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாள் கணக்கில் பார்த்தால் சொன்னதைப்போல் ஏறத்தாழ 57 மடங்கு.

ஒரு பொருள் சொன்னதைவிட இத்தனை மடங்கு உழைத்தால் அது செய்தவரின் திறமையா, கணக்கில் வந்த பிழையா? தேவைக்கு மேல் செம்பையும் இரும்பையும் போட்டு, அந்தச் செலவை வாங்குகிறவர் தலையில் ஏற்றினார் என்றும் ஒருவர் கேட்கலாம் அல்லவா? தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதற்கு ஒரு விடை வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இயற்பியல்_ஆசிரியை | கோபி | ஞாயிறு இரவு 10:02

அண்ணா, அந்த 90 என்பது ஆயுள் இல்லை, கொடுத்த வாக்கு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான் "57 மடங்கு" என்று கேட்டவுடன் மலைப்பு வருகிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1997 ஜூலை 4 அன்று சோஜர்னர் என்ற சின்ன ஊர்தி செவ்வாயில் இறங்கியது. எடை பத்தரைக் கிலோ. அதற்குச் சொன்னது 7 நாள், உழைத்தது 83 நாள். அந்தப் பயணத்தில் சோலார் தகட்டின்மேல் தூசி எவ்வளவு படிகிறது என்று அளந்தார்கள். நாளொன்றுக்கு 0.28 விழுக்காடு மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. அதே வேகத்தில் போனால் மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அத்துடன் குளிர்காலமும் வரும், வெயில் சாயும். இரவில் உறைபனிக்குக் கீழே 90 டிகிரிக்கும் குளிரும் இடம் அது. மின்சாரம் குறைந்தால் உட்பெட்டியைச் சூடாக வைத்திருக்க முடியாது. ஆகவே எல்லாம் கெட்ட பக்கமாகவே நடந்தாலும் 90 நாள் நிச்சயம் என்று கணக்கிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. செவ்வாயில் ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் வண்டியின் பாகங்களை நீட்டிச் சுருக்குகின்றன. மின்பலகை ஓர் அளவுக்கு நீளும், அதன்மேல் ஒட்டிய சில்லு வேறோர் அளவுக்கு நீளும். நடுவில் மாட்டிக்கொண்ட பற்றவைப்பு ஒருநாள் விரிசல் விடும். அதனால் திட்ட நாள்களைப்போல் மூன்று மடங்கு முறை குளிரவைத்துச் சூடாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அத்தகைய மின்பாகங்களை ஏற்றுக்கொள்வார்கள். 90 நாள் உறுதி என்று மனச்சாட்சியோடு சொல்ல வேண்டுமென்றால் பொருள் 90 நாளில் சாகிற பொருளாக இருக்க முடியாது. உங்கள் அப்பா ஓர் ஆண்டு என்று எழுதியதும் இதே நேர்மைதான்.

இயந்திரவியல்_மூன்றாமாண்டு | பெருந்துறை | ஞாயிறு இரவு 10:40

அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தூசி படிந்து சாகும் என்று கணக்கிட்டார்கள், சாகவில்லை. ஏன்? செவ்வாயின் சுழல்காற்று வந்து தகடுகளைத் துடைத்துவிட்டுப் போனது. 2005 மார்ச்சில் ஆப்பர்ச்சூனிட்டியின் இரட்டையான ஸ்பிரிட் ஊர்தியின் தகடுகள் அப்படித்தான் ஒரே நாளில் பளிச்சென்று ஆயின. அதை யாரும் வடிவமைக்கவில்லை. அப்படியானால் 14 ஆண்டில் பெரும்பங்கு காற்று கொடுத்தது. அதைப் பொறியாளர் கணக்கில் வரவு வைப்பது சரியா?

மறுபக்கமும் பாருங்கள். இன்சைட் என்ற நிலையான கலம் 2018 நவம்பரில் இறங்கியது. அதற்கு அந்தக் காற்று கிடைக்கவில்லை. தகடு மூடிப்போய் 2022 டிசம்பரில் பேச்சு நின்றது. சீனாவின் சூரோங் ஊர்தி 2021 மே மாதம் இறங்கியது. அதற்கும் 90 நாள்தான் திட்டம். 1,921 மீட்டர் ஓடி, 2022 மே மாதம் குளிருக்குப் பயந்து உறக்கத்தில் வைக்கப்பட்டது. டிசம்பரில் விழிக்க வேண்டும், விழிக்கவில்லை. ஓரிடத்தில் காற்று வந்தது, ஓரிடத்தில் வரவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மில்_பிட்டர் | சோமனூர் | திங்கள் காலை 6:25

இரவுப் பணி முடித்து வந்ததும் இதைப் படித்தேன். தூசி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூற்பாலையில் மோட்டாரைக் கொல்வது பளு இல்லை, பஞ்சு. மோட்டார் உடம்பில் உள்ள துடுப்புகளுக்கு இடையே பஞ்சுத் தூசி படிந்து போர்வைபோல் மூடிக்கொள்ளும். வெப்பம் வெளியேறாது. காயில் கருகும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் துடைக்கிற ஆள்களைக் குறைத்தார்கள். அந்தக் கோடையில் ஒரே பகுதியில் 4 மோட்டார் எரிந்தது. எரிந்த நான்கும் நல்ல மோட்டார்கள்.

நிலவில் ஓடிய லூனாகோத் 2 என்ற சோவியத் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. 1973இல் 39 கிலோமீட்டர் ஓடியது. ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அதன் மூடி சுவரில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது. இரவுக்கு மூடியைச் சாத்தியபோது அந்த மண் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டின்மேல் கொட்டிவிட்டது. மறுபடி வெயில் வந்தபோது உள்ளே சூடேறி, அதோடு முடிந்தது. ஒரு கை மண்.

எனக்கு ஒரு சந்தேகம். தகட்டைத் துடைக்க ஒரு வைப்பரோ சின்ன ஊதுகுழலோ ஏன் வைக்கவில்லை? ஆலையில் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே ஊதுகிற கருவி இருக்கிறது. கோள் தாண்டிப் போகிற வண்டிக்கு அது கட்டாதா?

இயற்பியல்_ஆசிரியை | கோபி | திங்கள் காலை 7:15

நல்ல கேள்வி. என் மாணவர்களும் ஆண்டுதோறும் இதைக் கேட்பார்கள். துடைப்பான் வைத்தால் அதற்கு ஒரு மோட்டார், ஒரு கம்பி, ஒரு சூடேற்றி, இவற்றின் எடை எல்லாம் சேரும். அந்த எடைக்குத் தகட்டையே சற்றுப் பெரிதாகச் செய்துவிடலாம். தகடு அசையாது, ஆகவே கெடாது. அசைகிற ஒவ்வொரு பாகமும் கெடுவதற்கு ஓர் இடம். ஊதுவதற்கும் அங்கே காற்று போதாது. காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் இன்சைட் குழு 2021இல் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கலத்தின் கையால் மணலை அள்ளி, தகட்டுக்கு அருகே காற்றில் மெல்லத் தூவினார்கள். பருத்த மணல் காற்றில் உருண்டு தகட்டின்மேல் ஓடி, ஒட்டியிருந்த நுண்தூசியையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு நாளைக்கு 30 வாட்மணி அளவுக்கு மின்சாரம் கூடியது. மண்ணை வைத்தே மண்ணைத் துடைத்தார்கள்.

பெருந்துறைத் தங்கைக்கு: காற்று வந்தது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று வந்த நாளில் சக்கரமும் பேட்டரியும் கணினியும் உயிரோடு இருந்தனவே, அது யார் தந்தது? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. உடுமலைப் பக்கத்தில் பியரிங் உடைந்து நிற்கிற காற்றாலைக்கு அதனால் ஒரு யூனிட்கூடக் கிடைக்காது.

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | திங்கள் இரவு 8:50

டீச்சரம்மா சொன்ன கடைசி வரியைப் பகல் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டிகளில் இருந்தவை சுவிட்சர்லாந்தின் மாக்சன் நிறுவனத்தின் சின்ன டிசி மோட்டார்கள். சாதாரணக் கிரீஸ் செவ்வாய்க் குளிரில் மெழுகாகிவிடும். பின்னால் செவ்வாய்க்குப் போன பெரிய ஊர்தியான கியூரியாசிட்டிக்கு முதலில் கிரீஸே இல்லாமல் உலர்ந்த பூச்சோடு பல்சக்கரப் பெட்டி செய்து பார்த்தார்கள். தேய்மானம் தாங்கவில்லை. மறுபடி கிரீஸுக்கே வந்து, அதைச் சூடாக்கச் சூடேற்றிகள் வைத்தார்கள். மோட்டார்ச் சிக்கல்களால் 2009இல் போக வேண்டிய வண்டி 2011இல்தான் புறப்பட்டது. இரண்டு ஆண்டு தாமதம். வெளியே பார்ப்பவர்களுக்கு அது திறமைக் குறைவாகத் தெரிந்திருக்கும். தேதி வந்துவிட்டதே என்று அரைகுறைப் பொருளைக் கொடுத்தனுப்பாதவனைத்தான் நான் தொழிலாளி என்பேன்.

அடுத்து, ஆப்பர்ச்சூனிட்டிக்கு இறங்கிய உடனேயே ஒரு நோய் வந்தது. கையின் தோள்மூட்டில் இருந்த சூடேற்றியின் சுவிட்ச் மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது. இரவெல்லாம் மின்சாரத்தைத் தின்றது. ஆள் போய்க் கழற்ற முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? இரவில் பேட்டரியிலிருந்து மொத்த வண்டியையும் துண்டித்தார்கள். காலையில் வெயில் தகட்டில் பட்டதும் தானாக விழித்துக்கொள்ளும். தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பழுதானால் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற விவசாயியின் புத்தி. அப்படித் துண்டித்தால் ஒரு கருவி குளிரில் கெடக்கூடும் என்றும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே வண்டியைக் காப்பாற்றினார்கள். இந்தச் சூடேற்றியோடுதான் அது 14 ஆண்டு வாழ்ந்தது.

பெருந்துறை அம்மணி, இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது, சொல்.

இயந்திரவியல்_மூன்றாமாண்டு | பெருந்துறை | திங்கள் இரவு 9:31

பெரியப்பா, அதிர்ஷ்டம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்று கல்லூரி நூலகத்தில் இன்னும் கொஞ்சம் படித்தேன். 2014 வாக்கில் அதன் நிலைநினைவகம் கெட ஆரம்பித்தது. மின்சாரம் போனால் அன்று பார்த்தது எல்லாம் மறந்துவிடும். அதற்குப் பிறகு இரவு உறங்குமுன் அன்றன்றைய செய்தியை அன்றன்றே சொல்லிவிட்டு உறங்கவைத்து வேலை வாங்கினார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மறதி வந்த பாட்டியை வீட்டில் பார்த்துக்கொள்வது போலத்தான் இருந்தது.

ஆனால் கியூரியாசிட்டியின் சக்கரத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். 899 கிலோ எடையுள்ள வண்டிக்கு 50 சென்டிமீட்டர் சக்கரம், அதில் பட்டைகளுக்கு இடையே தோல் வெறும் 0.75 மில்லிமீட்டர் அலுமினியம். 2012 ஆகஸ்டில் இறங்கியது, 2013 முடிவதற்குள் ஓட்டை. அது வடிவமைப்புப் பிழை. என் ஆசிரியர்கள் முன்னாலும் இதையே சொல்வேன்.

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | திங்கள் இரவு 10:05

பிழை என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தச் சக்கரத்தை ஒரு கடைசல்காரனாகப் பார். ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்தது. அரை மீட்டர் விட்டத்தில் முக்கால் மில்லி கனம் நிற்க வேண்டுமென்றால் கருவி கொஞ்சம் அதிர்ந்தாலும் தோல் கிழிந்துவிடும். என் லேத்தில் நான் துணிய மாட்டேன்.

ஏன் அவ்வளவு மெல்லிசு? அந்தச் சக்கரங்களே தரையிறங்கும் கால்களும்கூட. கயிற்றில் தொங்கி இறங்கும்போது ஆறு சக்கரமும் நேராகத் தரையைத் தொட்டன. ஒவ்வொன்றிலும் எடை கூடினால் மேலே உள்ள எல்லாவற்றிலும் கூடும். மணலும் உருண்டைக் கல்லும் உள்ள தரைக்கு அந்தக் கனம் போதுமானது. அங்கே கிடைத்தது வேறு: காற்று அரித்துக் கூராக்கிய கற்கள், ஆணிபோல் தரையில் ஊன்றி நின்றன. உருண்டு விலகாத கல். முன் சக்கரத்தையும் நடுச் சக்கரத்தையும் பின்னாலிருந்து வண்டி தள்ளும்போது அந்த முனை நேராகத் தோலில் ஏறும்.

தரையைப் பற்றிய அறிவு போதவில்லை என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். செய்தவனின் கையில் குறை இல்லை.

திருச்செங்கோட்டு_ரிக் | இப்போது மத்தியப் பிரதேசத்தில் | செவ்வாய் காலை 5:50

அண்ணனுக்கு வணக்கம். போர் போடுகிறவன் சொல்கிறேன்: தரையை முழுவதும் தெரிந்துகொண்டு எவனும் இறங்குவதில்லை. 200 அடி வரை வெண்ணெய்போல் இறங்கும், 210இல் பிட் பல்லைத் தின்னும் பாறை வரும். ஆகவே அம்மணி சொல்வதில் எனக்குப் பாதி ஒப்புதல், அண்ணன் சொல்வதில் பாதி.

எனக்குப் பிடித்தது ஓட்டை விழுந்த பிறகு நடந்தது. வழியை மாற்றினார்கள், கூர்ங்கல் மேட்டை விட்டு மணல் பள்ளத்தாக்குகள் வழியாகப் போனார்கள். 2014 பிப்ரவரியில் ஒரு மணல்மேட்டையே தாண்டினார்கள். பல சமயம் பின்புறமாக ஓட்டினார்கள், முன் சக்கரத்துக்குப் பளு குறையும் என்று. 2017இல் ஒரு கட்டளைத் தொகுப்பை இங்கிருந்து அனுப்பினார்கள். கல்லில் ஏறுகிற சக்கரம் ஒரு வேகம், சமதளத்தில் உள்ள சக்கரம் வேறு வேகம் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். இழுபறி குறைந்தது. சக்கரம் மிகவும் கிழிந்தால் உள்பகுதியைக் கல்லில் உரசிக் கழற்றி எறிந்துவிட்டு விளிம்பிலேயே ஓட முடியுமா என்பதையும் பூமியில் சோதித்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இன்றுவரை 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, முதலில் கேட்டது இரண்டே ஆண்டு.

துளைக்கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. 2016 டிசம்பரில் பிட்டை முன்னே தள்ளுகிற பாகம் மாட்டிக்கொண்டது. எங்கள் ரிக்கில் ராடை இறக்குகிற செயின் அறுந்தது போல வைத்துக்கொள்ளுங்கள். நாங்களாக இருந்தால் வேலையை நிறுத்தி ஊருக்குப் போன் செய்வோம். ஒரு முறை நாட்டின் வடகோடியில் ஒரு வாஷருக்காக 6 நாள் நின்றிருக்கிறேன். அவர்கள் ஒன்றரை ஆண்டு யோசித்தார்கள். பிட்டை வெளியே நீட்டியபடியே நிறுத்திவிட்டு, வண்டியின் முழுக் கையால் அமுக்கித் துளைக்கப் பழக்கினார்கள். முன்பு இரண்டு பக்கமும் பாறையில் ஊன்றி நிற்கக் கால்கள் உண்டு, இப்போது அதுவும் இல்லை. கை நடுங்கினால் பிட் சிக்கிக்கொள்ளும். கையில் உள்ள விசை உணரியை வைத்து அளந்து அளந்து அமுக்கினார்கள். 2018 மே மாதம் மறுபடி பாறைத் துகள் கிடைத்தது.

கைப்பிடியை உணர்ந்துதான் ஓட்டுநர் துளைக்கிறார். அதிர்வு மாறினால் என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். அவர்கள் அனுப்பும் சொல் அங்கே போய்ச் சேரவே கோள்களின் தூரத்தைப் பொறுத்து 4 முதல் 20 நிமிடங்களுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் உள்ளங்கையை அங்கே கொண்டுபோய் வைத்தவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன்.

இயந்திரவியல்_மூன்றாமாண்டு | பெருந்துறை | செவ்வாய் பகல் 1:20

அண்ணா, இதைப் படித்தபின் துளைக்கருவி பற்றி ஒரு கருத்தரங்கம் எடுக்கப்போகிறேன். சக்கரத்தைப் பொறுத்தவரை: அடுத்த ஊர்தியான பெர்சிவரன்சுக்குத் தோலின் கனத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள், அகலத்தைக் குறைத்தார்கள், பட்டைகளை இரட்டிப்பாக்கி மெல்ல வளைத்தார்கள். 0.75 சரி என்றால் ஏன் மாற்றினார்கள்?

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | செவ்வாய் பகல் 1:45

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நீ சொன்னது சரி.

வேலூர்_வாய்க்கால் | பரமத்தி வேலூர் | செவ்வாய் இரவு 9:00

இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று இங்கே இடம்பெற வேண்டும்.

சித்தம்பூண்டி எங்கள் நாமக்கல் மாவட்டத்து ஊர். அங்கே கிடைக்கிற வெளிறிய பாறைக்கு அனார்த்தொசைட் என்று பெயர். நிலவின் மேட்டுநிலம் இந்த வகைக் கல்லால் ஆனது. சந்திரயான் 2 ஊர்தியைச் சோதிக்க நிலவுமண் வேண்டும் என்றபோது சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் சேர்ந்து இந்தக் கல்லைக் கண்டறிந்து சொன்னது. வெட்டி, பொடித்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல்தான் பிரக்யானின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். என் சித்தப்பா அந்தக் காலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "நிலவுக்கு மண் போகிறது" என்று ஊரே பேசிக்கொண்டதாகச் சொல்வார்.

எனக்குள்ள வருத்தம் இது. சந்திரயான் 3இன் பிரக்யான் 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கிய விக்ரமிலிருந்து வந்து 100 மீட்டர் அளவுக்கு ஓடியது. 14 நாள் என்று சொன்னார்கள். செப்டம்பர் 22 அன்று மறுபடி வெயில் வந்தபோது அது எழவில்லை. ஆப்பர்ச்சூனிட்டி 14 ஆண்டு, நம்முடையது 14 நாள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இயற்பியல்_ஆசிரியை | கோபி | செவ்வாய் இரவு 9:48

தம்பி, அதற்குப் பதில் இருக்கிறது, தலை குனிய வேண்டாம்.

நிலவின் ஓர் இரவு நம் 14 நாள். வெப்பநிலை உறைபனிக்குக் கீழே 200 டிகிரியை நெருங்கும். செவ்வாய் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். ஆப்பர்ச்சூனிட்டிக்கு அந்த 12 மணி நேரத்தைத் தாண்டக்கூட, கதிரியக்கத்தால் சூடு தரும் 8 சின்ன உருளைகள் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாட் சூடு. அதன்மேல் ஏரோஜெல் போர்வை. 26 கிலோ பிரக்யானுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. வெயிலுள்ள ஒரு பகலுக்கு என்று சொன்னார்கள், அந்தப் பகலை முழுமையாக உழைத்துக் கொடுத்தது. நடுவில் 4 மீட்டர் பள்ளம் எதிர்ப்பட்டபோது திரும்பி வேறு வழியில் போனது. இரவைத் தாண்டும் ஊர்தி வேண்டுமென்றால் அதற்கான சூட்டை முதலிலேயே உள்ளே வைக்க வேண்டும். சீனாவின் யூட்டு 2, 2019 ஜனவரி முதல் நிலவின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் இரவுகளைத் தாண்டியது அந்தச் சூட்டினால்தான்.

நீண்ட உழைப்புக்கு நம்மிடமும் சான்று உண்டு. மங்கள்யானுக்குச் சொன்னது 6 மாதம். 2014 செப்டம்பர் 24 முதல் 2022 வரை செவ்வாயைச் சுற்றி வந்தது. அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர்களில் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்தவர், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். உங்களிடம் கேட்டவருக்கு இதையும் சொல்லுங்கள்.

நெறியாளர் | செவ்வாய் இரவு 10:10

நிலவு ஊர்திகளைத் தனி இழைக்கு மாற்றக் கேட்டு இருவர் எழுதியிருந்தார்கள். பேச்சு நன்றாகப் போவதால் இங்கேயே தொடரட்டும்.

மில்_பிட்டர் | சோமனூர் | புதன் காலை 6:40

ஸ்பிரிட்டை யாரும் முழுதாகப் பேசவில்லை. தம்பி ஆப்பர்ச்சூனிட்டிக்கு எல்லோரும் மாலை போடுகிறார்கள், மூத்தது அதுதான், மூன்று வாரம் முன்னால் இறங்கியது. 2006 மார்ச்சில் அதன் வலது முன் சக்கரம் நின்றுவிட்டது. அதன்பிறகு பின்பக்கமாகவே ஓடியது, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு. போன வழியெல்லாம் அந்தச் சக்கரம் மண்ணில் ஏர் பிடித்த சால்போல் கீறிக்கொண்டே போனது. 2007இல் அந்தச் சாலில் வெள்ளையாக ஒரு மண் வெளிப்பட்டது. பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடம் என்பதற்கு அது சான்று. சக்கரம் நன்றாகச் சுழன்றிருந்தால் அந்த மண்ணைக் கண்டிருக்க மாட்டார்கள்.

2009இல் மணலில் புதைந்தது. பூமியில் மணல் பெட்டி கட்டி, இன்னொரு வண்டியை அதில் புதைத்து, வெளியே எடுக்கிற வழியை மாதக்கணக்கில் தேடினார்கள். வர முடியவில்லை. குளிர்காலத்துக்குத் தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்த்து நிற்க இடம் கிடைக்கவில்லை. 2010 மார்ச் 22 அன்று கடைசியாகப் பேசியது. 7.73 கிலோமீட்டர். ஒரு காலை இழந்தபிறகும் நான்கு ஆண்டு உழைத்தது. என் கணக்கில் இரண்டில் பெரிய உழைப்பாளி ஸ்பிரிட்தான்.

திருச்செங்கோட்டு_ரிக் | இப்போது மத்தியப் பிரதேசத்தில் | புதன் காலை 7:05

மில் அண்ணனின் கடைசி வரிக்கு என் ஓட்டு.

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | புதன் இரவு 9:20

நான் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை வந்துவிட்டது. எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

2018 புழுதிப்புயல் செவ்வாய் முழுவதையும் மூடியபோது ஆப்பர்ச்சூனிட்டிக்கு அந்த நாளில் கிடைத்த மின்சாரம் 22 வாட்மணி. புதிதாக இறங்கிய காலத்தில் 900. அதன்பிறகு சத்தமில்லை. எட்டு மாதம், ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகள் அனுப்பிப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரி 13 அன்றுதான் முடிந்தது என்று அறிவித்தார்கள். 90 நாளுக்கு அனுப்பிய வண்டியை யாரும் 15ஆவது ஆண்டில் எட்டு மாதம் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டார்கள். சூடேற்றியைச் சமாளித்தவர்களும், மறதியைச் சமாளித்தவர்களும், பின்பக்கமாக ஓட்டியவர்களும் அப்படிக் கூப்பிடுகிறவர்கள்தாம். செய்தவன் கூடுதலாகப் போட்ட செம்பு பாதி. பழுதானபின் கைவிடாதவன் மீதி. அன்னூர்ப் பெரியவர் 3 முறை புஷ் மாற்றியிருக்கிறார், மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. அப்பாவின் காயிலுக்குக் கிடைத்த பெருமையில் பாதி அவருடையது. இதை இன்று அவரிடமே சொன்னேன். புஷ்ஷுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.

இயந்திரவியல்_மூன்றாமாண்டு | பெருந்துறை | புதன் இரவு 10:00

பெரியப்பா, ஓர் உதவி. எங்கள் குழு இறுதியாண்டுச் செய்முறைக்கு ஆறு சக்கர ஊர்தி மாதிரி ஒன்று செய்யப்போகிறது. சக்கரம் உங்கள் லேத்தில் கடைந்து தர முடியுமா? வேலூர் அண்ணா, சித்தம்பூண்டிக் கல் பொடித்தது ஒரு மூட்டை கிடைத்தால் அதன்மேல் ஓட்டிப் பார்ப்போம்.

வேலூர்_வாய்க்கால் | பரமத்தி வேலூர் | புதன் இரவு 10:12

சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஒரு மூட்டை என்ன, இரண்டு வாங்கித் தருகிறார். ஞாயிறு காலை வேலூர் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து அழைத்துப் போகிறேன். டீச்சரும் மாணவர்களைக் கூட்டி வரலாம்.

பம்புசெட்_பட்டறை | ஆவாரம்பாளையம், கோவை | புதன் இரவு 10:20

கடைந்து தருகிறேன், கூலி வேண்டாம், அலுமினியம் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள். விட்டம் எத்தனை, தோல் கனம் எத்தனை என்று எழுதி அனுப்பு. கனத்தை நீயே முடிவு செய் அம்மணி.

இயந்திரவியல்_மூன்றாமாண்டு | பெருந்துறை | புதன் இரவு 10:41

விட்டம் 12 சென்டிமீட்டர். கனம் 1.5 மில்லிமீட்டர். முன் சக்கரம் இரண்டுக்கும் நடுச் சக்கரம் இரண்டுக்கும் மட்டும் 2 வைத்துவிடுங்கள், பெரியப்பா.